விளக்கம் கேட்கும் ஜன்னல்

அன்று மழை முதலில் வந்ததா, அவள் முதலில் வந்தாளா என்பது எனக்கு உறுதியாகத் தெரியாது. அவளைக் கேட்டால் மழைதான் என்கிறாள். அவனைக் கேட்டால், "இவ வந்தது ஞாபகம் இருக்கு. மழையை யாரு பாத்தா?" என்கிறான். அவர்கள் சொன்னதையும், சொல்லாமல் விட்ட இடத்தில் நானாக ஊகித்துக்கொண்டதையும் நாளாவட்டத்தில் ஒன்றாகக் கலந்திருப்பேன். ஒரு வார்த்தை முன்னே பின்னே இருக்கலாம்...

மழை என்றே வைத்துக்கொள்வோம்.

அலுவலகம் விட்டு நடந்து வந்துகொண்டிருந்தாள். தெருமுனையில் அடித்த ஒரே காற்றில் குடை மேல்நோக்கி மடிந்து கிண்ணம் போலாகித் தண்ணீர் பிடிக்க ஆரம்பித்தது. பக்கத்தில், கட்டி முடிக்கிற தறுவாயில் ஒரு மாடிவீடு. வண்ணம் பூசாத சுவர், கண்ணாடி போடாத ஜன்னல். ஓடிப்போய் அதன் வாசலில் ஒதுங்கினாள்.

"அங்கயே நில்லுங்கம்மா." உள்ளே குந்தியிருந்த மேஸ்திரி கரணையை உயர்த்திக் காட்டினார். "இப்பதான் டைல்ஸ் பதிச்சிருக்கேன். காலை வெச்சீங்கன்னா என் ஒரு நாள் பொழப்பு போச்சு. இந்தப் பலகை மேலயே நடந்து மாடிக்குப் போயிடுங்க. அங்க காஞ்சு கெடக்கு."

பலகை மேல் நடந்து படியேறினாள். மழைச் சத்தம் கூடவே ஏறி வந்தது. ஏறி ஏறி, கால் தனக்கென்று ஒரு தாளம் பிடித்துக்கொண்ட நேரம்... கடைசிப் படி அந்தத் தாளத்துக்கு ஒத்துவரவில்லை. கட்டைவிரல் விளிம்பில் இடித்தது.

மேலே ஜன்னல் சட்டம் நேராக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் திரும்பினான். பாய்ந்து கையை நீட்டினான். நீட்டிய கைக்குக் குடைதான் போய்ச் சேர்ந்தது. அவள் காலி சிமென்ட் சாக்குகளின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

சிமென்ட் தூசி படிந்த புருவம், தூசி படிந்த இமை. அவற்றுக்கு நடுவே, இப்போதுதான் கழுவி வைத்தது மாதிரி இரண்டு கண்கள். அந்தக் கண்களில் பதற்றம் இருந்தது... அதன் ஓரத்தில், அடக்கிக்கொண்ட ஒரு சிரிப்பும். அந்தச் சிரிப்புதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அடி பட்டுச்சாங்க?"

"கடைசிப் படி உயரம்."

"என்னது?"

"கடைசிப் படி மட்டும் உயரமா இருக்கு. ரெண்டு விரல் இருக்கும்."

விழுந்து எழுந்த பெண் முதலில் சொல்கிற வார்த்தை இதுவாக இருக்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. குடையைக் கையில் பிடித்தபடி படியை ஒருமுறை பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நான் நாள் பூரா இதுல ஏறி எறங்கிட்டிருக்கேன். ஒரு நாளும் தடுக்கல."

"உங்க காலுக்குப் பழகிடுச்சு. வீட்டுக்கு வர்ற விருந்தாளி காலுக்கு யாரு சொல்லுவாங்க?"

"நீங்க பராக்குப் பாத்துட்டு ஏறியிருப்பீங்க."

"பாக்கறதுக்கு இங்க என்ன இருக்கு?"

கீழேயிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "தம்பி, அதுக்கு மட்டும் பதில் சொல்லிடாத."

அவன் காது சிவந்ததை அவள் பார்த்தாள். பார்க்காதது போல் திரும்பிக்கொண்டாள். ஜன்னலுக்கு வெளியே மழை சாய்ந்து சாய்ந்து பெய்துகொண்டிருந்தது. அவன் குடையின் கம்பிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்த ஆரம்பித்தான். மெதுவாக, பொறுமையாக... கோபத்தோடு இருக்கிறவன் இவ்வளவு பதமாகக் கம்பி நிமிர்த்துவானா என்று அவளுக்குத் தோன்றியது. மழை நின்றதும் குடையை வாங்கிக்கொண்டு இறங்கினாள். இறங்கும்போது அந்தக் கடைசிப் படியில் வேண்டுமென்றே ஒரு கணம் நின்று, காலால் தட்டிக் காட்டிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு அவன் அளந்து பார்த்தான். அதை மேஸ்திரிதான் பிற்பாடு சொன்னார். படிகளுக்கு மெல்லிய கல். மாடித் தளத்துக்கோ கலவை கனத்து, அதன் மேல் டைல்ஸும் சேர்ந்து, தளம் உயர்ந்துபோனது. எல்லாப் படியும் அதனதன் இடத்தில் இருக்க, கடைசிப் படி மட்டும் தனியாக வளர்ந்துவிட்டது. "சொன்னா நம்பமாட்டீங்க," என்றார் மேஸ்திரி, "ரசமட்டத்தைக் கட்டிப் புடிச்சிட்டு அந்தப் படியிலயே உக்காந்துட்டான்."

கட்டுமான வட்டாரத்தில் அவனுக்குப் பெயரே ரசமட்டம்தான். எந்த நேரமும் பின் பாக்கெட்டில் அது நீட்டிக்கொண்டிருக்கும். அப்பாவின் நிழலில் வேலை கற்று, அவர் போன பிறகு, தனியாக ஒப்புக்கொண்ட முதல் வீடு இது. வீட்டுக்காரி ஒரு நர்ஸ். வாடகை அறையைக் காலி செய்துவிட்டுக் குடிவர நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் வந்து பார்த்து அனுமதி கொடுத்தால்தான் குடிவர முடியும்.

*

கட்டட அனுமதி அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கண்ணாடி ஜன்னல். மேலே 'விளக்கம்' என்று பலகை. எந்த விதி எதற்கு, எப்படிக் கட்டினால் அனுமதி கிடைக்கும் என்று வீடு கட்டுகிறவர்களுக்கு எடுத்துச் சொல்கிற இடம். உட்கார்ந்திருப்பவளை எல்லோரும் 'விளக்கம் மேடம்' என்றே கூப்பிட்டார்கள்.

அங்கே ஒரு வினோத வழக்கம் உண்டு. எந்த கான்ட்ராக்டரும் தனக்காகக் கேட்கமாட்டான். இத்தனை வருஷம் கட்டிவிட்டு எனக்குத் தெரியாது என்று எப்படிச் சொல்வது? அதனால் எல்லாச் சந்தேகமும் யாரோ ஒரு தெரிந்தவருக்கு வந்ததாகவே இருக்கும். 'தெரிஞ்சவர் ஒருத்தர் பாத்ரூமுக்கு ஜன்னல் வெக்க மறந்துட்டாராம்...' அவளும் முகம் மாறாமல், 'அவர்கிட்ட இப்படிச் சொல்லுங்க' என்பாள். ஊரிலேயே அதிகம் தவறு செய்கிறவர் அந்தத் தெரிந்தவர்தான்.

மறுநாள் வரிசையில் அவன் நின்றான். முன்னால் இருந்தவர் நகர்ந்ததும் நிமிர்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள்.

வரிசையில் பின்னால் நின்றவர் கனைத்தார்.

"சொல்லுங்க சார்."

"வந்து... தெரிஞ்சவர் ஒருத்தர். படி கட்டியிருக்காரு. கடைசிப் படி கொஞ்சம்..."

"ரெண்டு விரலா?"

"ரெண்டேகால்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "யாரும் சொல்லலையா அவருக்கு?"

"சொன்னாங்களாம். கேக்கல. கொஞ்சம் வீம்பு புடிச்ச ஆளு."

"அப்படியா. பாத்தா தெரியல."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதற்கென்று தெரியாமலே சிரித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

அவள் ஒரு துண்டுத் தாளில் படம் போட்டுக் காட்டினாள். "கடைசிப் படியை மட்டும் ஒடைச்சா தப்பு வேற எடத்துக்குப் போயிடும். அந்த ரெண்டேகால் விரலை எல்லாப் படிக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பங்கு போடணும். கல்லையெல்லாம் எடுத்துட்டு, கீழேயிருந்து கலவையை ஏத்திக்கிட்டே வரணும். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் வித்தியாசம் தெரியக் கூடாது. ஏறும்போது நம்ம யாரும் படியைப் பாக்கறதில்ல சார். முன்னால ஏறின படியை நம்பித்தான் அடுத்த படியில கால் வெக்கிறோம். அதுக்காகத்தான் அந்த விதி."

அவன் தாளைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, சற்றும் எதிர்பாராமல், வரிசை முழுவதற்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

"தெரிஞ்சவர் யாரும் இல்லைங்க. என் வேலைதான். நான்தான் கட்டினேன். நேத்து நீங்க சொன்னப்பவே கேட்டிருக்கணும்."

அந்த ஜன்னலில் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. அவள் பேனா மூடியைத் திறந்தாள்... மூடினாள்.

'இந்த மனுஷன் இப்படியெல்லாம் பேசினா நான் எப்படி வேலை பாக்கறது?'

*

படிகள் சரியாயின. ஆனால் அவனுடைய சந்தேகங்கள் ஓயவில்லை. மாடிக் கைப்பிடியில் கம்பிக்குக் கம்பி எவ்வளவு இடைவெளி? குழந்தை தலை நுழையாத அளவு. சமையலறைப் புகை எந்தப் பக்கம் போகவேண்டும்? மின்பலகை பக்கத்தில் தண்ணீர்க் குழாய் வரலாமா? ஒவ்வொன்றுக்கும் அவள் விதியைச் சொன்னாள். விதிக்குப் பின்னால் இருக்கிற மனிதரையும் சொன்னாள். தூக்கக் கலக்கத்தில் நடக்கிறவர், சக்கர நாற்காலியில் வருகிறவர், இருட்டில் கதவைத் தேடுகிறவர்... கேட்கக் கேட்க அவனுக்கு, தான் கட்டுகிற வீட்டில் இதுவரை யாருமே இல்லாமல் இருந்து, இப்போதுதான் ஒவ்வொருவராகக் குடிவருகிற மாதிரி இருந்தது.

ஒரு நாள், படுக்கையறை ஜன்னல் எவ்வளவு அகலம் இருக்கவேண்டும் என்று கேட்டான்.

"அது உங்க பின்னால சுவத்துலயே ஒட்டியிருக்கு சார்."

"படிச்சேன்."

"அப்புறம்?"

"நீங்க சொன்னா நல்லாப் புரியுது."

"நானும் அதையேதான் சொல்லப்போறேன்."

"அதுக்குத்தான் வந்தேன்."

அவள் சொன்னாள். சுவரில் இருந்ததை ஒரு எழுத்து மாறாமல் சொன்னாள். அவன் முதல் தடவை கேட்கிற மாதிரியே கேட்டுக்கொண்டான். மழை வருகிற நாட்களில் இப்போதெல்லாம் அவளுக்குக் குடை எடுக்க மறந்து, அந்த மாடிவீட்டில்தான் ஒதுங்க வேண்டிவந்தது... மறந்துபோனதாகத்தான் அண்ணியிடம் சொன்னாள்.

*

அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணனும் அதே அலுவலகம். கட்டட ஆய்வாளர். அவன் வீடு கட்டிக்கொண்டிருந்த பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. நேர்மையில் முரடர். உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போனால்கூட முதலில் அவசர வழி எங்கே என்று பார்க்கிற ஆள்.

ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டீக்கடையில என்ன பேசிக்கிறாங்க தெரியுமா? 'கீழ தங்கச்சிகிட்ட சிரிச்சுப் பேசினா, மேல அண்ணன் கண்ணை மூடிக்குவாரு'ன்னு. நான் வந்ததைப் பாத்துட்டு எல்லாரும் டம்ளருக்குள்ள மொகத்தை விட்டுக்கிட்டாங்க."

அவளுக்குக் காது சுட்டது.

"அந்த ரசமட்டம் வீட்டை நான் எப்படிப் போய் பாக்கறது? பாஸ் பண்ணினா தங்கச்சிக்காகப் பண்ணினான்னு சொல்லுவாங்க. பெயில் பண்ணினாலும் தங்கச்சிக்காகத்தான் பண்ணினான்னு சொல்லுவாங்க."

"ரெண்டுமே தங்கச்சிக்காகத்தான்னா," என்றாள் அண்ணி, துணி மடித்துக்கொண்டே, "அவளையே ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"நீ சும்மா இரு." அவர் தங்கை பக்கம் திரும்பினார். குரல் தணிந்தது. "ஏம்மா... அப்படி ஏதாவது இருக்கா?"

இருக்கிறதா? அவன் ஒன்றும் கேட்கவில்லையே. ஜன்னல் அகலத்தைத் தவிர அவன் வேறு எதைக் கேட்டான்? இல்லாத ஒன்றை இருக்கிறது என்று சொல்லி, நாளைக்கு அவன் 'நான் விதி கேக்கத்தானே வந்தேன்' என்று சொல்லிவிட்டால்... அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் எந்த முகத்தோடு உட்காருவது?

"ஒண்ணும் இல்லைண்ணா."

அண்ணி மடித்த துணியை மறுபடி பிரித்து மடித்தாள்.

மறுநாள் அவன் ஜன்னலுக்கு வந்தபோது அவள் நிமிரவில்லை.

"அடுத்த ஜன்னல்ல கேளுங்க சார்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

"எதுவா இருந்தாலும் அடுத்த ஜன்னல்ல கேளுங்க."

அடுத்த ஜன்னலில் இருந்தவர் எல்லாக் கேள்விக்கும் சுவரைக் காட்டுகிறவர். அவன் அங்கே போகவில்லை. கொஞ்ச நேரம் நின்றான். அவள் குனிந்த தலையின் வகிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய்விட்டான். அதன்பின் வரவே இல்லை.

அவன் இல்லாத வரிசை அவளுக்கு நீளமாகத் தெரிந்தது. மழை பெய்தது. குடையை மறக்காமல் எடுத்துப் போனாள். அந்த வீட்டுத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள். அவன் வீட்டை ஆய்வு செய்வதை அண்ணனும் தள்ளிப்போட்டுக்கொண்டே போனார். இன்று தலைவலி, நாளை வேறு வேலை. பொய் சொல்லத் தெரியாத மனிதர் காரணம் தேடித் தவித்துக்கொண்டிருந்தார். நர்ஸ் தன் பெட்டிகளைக் கட்டி வைத்துவிட்டு, வாடகை அறையில் அவற்றின் மேலேயே உட்கார்ந்து சாப்பிடுவதாக அண்ணிக்கு யார் மூலமோ தகவல் வந்தது. அண்ணி அதைச் சாப்பாடு போடும்போது சொன்னாள். அண்ணன் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனார்.

அதை அவள் நெடுநாள் மறக்கவில்லை. 'ஒண்ணும் இல்லை' என்று தான் சொன்ன இரண்டு வார்த்தைக்குள் இத்தனை பேர் மாட்டிக்கொண்டு நிற்கிறார்களே...

*

டீக்கடைப் பேச்சு அவன் காதுக்கும் வந்தது. கொண்டுவந்தவர் மேஸ்திரி. "அந்தப் பொண்ணு ஏன் உன்னைத் தொரத்திச்சுன்னு இப்பவாவது வெளங்குதா? நீ என்னடான்னா இங்க உக்காந்து ஆணியை நிமித்திக்கிட்டிருக்க."

மறுநாள் காலை வரிசை வாசலைத் தாண்டி நின்றது. அவன் இடையில் புகவில்லை. முறையாக நின்று, முறை வந்ததும் ஜன்னலுக்கு முன்னால் வந்தான். அன்று அவன் சட்டையில் தூசி இல்லை.

"சார், நான்தான் அன்னிக்கே..."

"விதி கேக்க வந்திருக்கேங்க. விளக்கம் சொல்றது உங்க வேலை."

அவள் பேனாவை எடுத்துக்கொண்டாள். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

"இந்த ஆபீஸ்ல வேலை பாக்கற ஒருத்தருக்கு வேண்டியவர் வீடு கட்டறாரு. அந்த வீட்டை யாரு ஆய்வு செய்யணும்?"

"...அந்தக் குடும்பத்துல யாரும் அதைத் தொடக் கூடாது. பக்கத்துப் பகுதி ஆய்வாளர் வந்து பாப்பாரு."

பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் உச்சுக்கொட்டினார். "அந்த மனுஷனா? ஆணி அடிச்ச எடத்துல சுத்தியல் சத்தம் சரியா இருந்துச்சான்னு கேப்பாரே."

"கேக்கட்டும்ணே," என்றான் அவன் திரும்பாமலே. "ஒவ்வொரு கல்லா எடுத்துப் பாக்கட்டும்." பிறகு அவளிடம், "அதுக்கு என்ன செய்யணுங்க?"

"மேலதிகாரி அம்மாகிட்ட நேர்ல போய் சொல்லணும்."

"யாரு சொல்லணும்?"

"ரெண்டு பேரும்."

"ஒருத்தர் மட்டும் சொன்னா?"

"செல்லாது." அவள் மேசை மேலிருந்த தாள்களை அடுக்கினாள். "யார் வேணும்னாலும் வந்து, இவங்க எனக்கு வேண்டியவங்கன்னு சொல்லிடலாமே."

வரிசையில் சிரிப்பு பரவியது. அவன் சிரிக்கவில்லை.

"வேண்டியவங்கன்னா யாரு யாரு? அதை நல்லா வெளக்கமா சொல்லுங்க."

"ரத்த சொந்தம்..."

"அது இல்லை. அடுத்து."

"கல்யாணம் பண்ணிக்கிட்டவங்க..."

"அதுவும் இல்லை. இன்னும்."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "...பண்ணிக்கப் போறவங்க."

"அதுலதான் எனக்குச் சந்தேகம்." அவன் கண்ணாடிக்கு அருகில் குனிந்தான். குரல் அவளுக்கு மட்டும் கேட்க வேண்டும் என்று நினைத்தான்... வரிசை மொத்தமும் மூச்சைப் பிடித்திருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. "பண்ணிக்கப் போறவங்கன்னா, ஒருத்தர் கேட்டா மட்டும் போதுமா? இல்ல, இன்னொருத்தர் சரின்னு சொல்லணுமா?"

மழை எப்போது ஆரம்பித்தது என்று தெரியவில்லை. வெளியே கூரைத் தகரத்தில் சடசடவென்று விழுந்துகொண்டிருந்தது. அவள் நிமிர்ந்தாள். கண்கள் நிறைந்திருந்தன. உதட்டில் என்னவோ சிரிப்பு.

"கேட்டா போதாது. சொல்லணும்."

"அப்ப கேக்கறேங்க. இத்தனை நாள் கதவு, ஜன்னல், கைப்பிடின்னு எதை எதையோ கேட்டேன். இது ஒண்ணைத்தான் கேக்கணும்னு வந்தேன். ஒவ்வொரு தடவையும் உங்க முன்னால நின்னதும் வாய் வேற எதையோ கேட்டுடுச்சு. உங்களைக் கல்யாணம் பண்ணிக்கணும்னு ஆசையா இருக்கு. உங்களுக்கு இஷ்டமா?"

அவள் உடனே பதில் சொல்லவில்லை. அந்த மௌனம் எவ்வளவு நேரம் என்பதில் இருவரும் இன்றைக்கும் ஒத்துப்போவதில்லை. ஒரு மூச்சு நேரம் என்கிறாள் அவள். கான்கிரீட் இறுகுகிற நேரம் என்கிறான் அவன்.

பிறகு எழுந்தாள். பக்கக் கதவைத் திறந்துகொண்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்தாள். முதல் தடவையாக அந்த அலுவலகத்தில் இருவரும் ஒரே பக்கம் நின்றார்கள்.

"மேலதிகாரி அம்மா அறை மாடியில," என்றாள். "இப்ப போனா இருப்பாங்க."

"அப்படின்னா..."

"ஒண்ணும் இல்லைன்னு எங்கண்ணன்கிட்ட சொன்னேன். அது பொய். எனக்கு இஷ்டம். முழு இஷ்டம். வாங்க."

"எம்மா," என்று கூப்பிட்டார் உச்சுக்கொட்டிய பெரியவர். "அடுத்தது என் முறைம்மா. எவ்வளவு நேரம் ஆகும்?"

"கொஞ்சம் பொறுத்துக்குங்க அண்ணே," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரே ஒரு விஷயம்தான் சொல்லணும்."

*

பக்கத்துப் பகுதி ஆய்வாளர் வந்து, குளியலறைச் சாளரம் சிறியது என்று முதல் தடவை திருப்பி அனுப்பினார். சாளரத்தைப் பெரிதாக்கிய பிறகு அனுமதி கொடுத்தார். நர்ஸ் குடிவந்துவிட்டாள். அண்ணன் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தானே எழுதிக் கேட்டு வேறு பகுதிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு, கல்யாணத்தை முன்னின்று நடத்தினார். அண்ணிக்கு முழங்கால் வலி வந்து சரியாகிவிட்டது. டீக்கடை இருக்கிறது, பேச்சு வேறு யாரைப் பற்றியோ போய்விட்டது. மேஸ்திரி அவனிடமே வேலை செய்கிறார். அடுத்த ஜன்னல்காரர் ஓய்வு பெற்றார். அவள் பதவி உயர்வு வந்தும் போகாமல் அதே ஜன்னலில் இருக்கிறாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை. வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். சொந்த வீட்டுக்குப் படம் போட்டாகிவிட்டது. சமையலறை எந்தப் பக்கம் என்பதில் இன்னும் முடிவாகவில்லை.